வேண்டுமென்றே சொல்லவில்லை



பதிவு கொஞ்சம் நீளம். "டீச்சர் ரிட்டயர் ஆகியும் கிளாஸ் எடுக்கிறதை விடல" என்று சிலர் சிரிப்பீர்கள். சிரித்துக்கொள்ளுங்கள். ஆனால் இது நான் உங்களுக்குச் சொல்லிக்கொடுத்ததைப் பற்றி மட்டுமல்ல, சொல்லிக்கொடுக்காமல் விட்டதைப் பற்றியும். அதனால் கடைசிவரை படியுங்கள்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பழைய மாணவன் ஒருவன் போன் செய்தான். பெயர் வேண்டாம். என்னிடம் ஒன்பதாவதும் பத்தாவதும் படித்தவன். இப்போது சென்னைப் பக்கம் ஒரு கம்பெனியில் கிடங்கு மேற்பார்வை. குரலே சரியில்லை. "டீச்சர், வேலை போயிரும் போல இருக்கு" என்றான்.

நடந்தது இதுதான். கிடங்கில் சரக்கு எண்ணும்போது கணக்குக்கு நாற்பது பெட்டி குறைந்திருக்கிறது. எங்கேயாவது மாற்றி அடுக்கியிருப்பார்கள், இன்னொரு தடவை எண்ணிப் பார்த்துவிட்டு மேலே சொல்லலாம் என்று இரண்டு நாள் பொறுத்திருக்கிறான். அதற்குள் மேலதிகாரிக்கு வேறு வழியாகத் தெரிந்துவிட்டது. ஏன் தெரிவிக்கவில்லை என்று விளக்கம் கேட்டு மெமோ. இவன் இங்கிலீஷில் பதில் எழுதிக் கொடுத்திருக்கிறான். மறுநாளே எச்.ஆரில் கூப்பிட்டு, "நீயே ஒத்துக்கொண்டாயே, இனி விசாரிக்க என்ன இருக்கிறது?" என்றார்களாம். இவனுக்கு ஒன்றும் புரியவில்லை. "நான் எதையும் ஒத்துக்கலையே டீச்சர், மறுத்துத்தானே எழுதினேன்" என்றான்.

எழுதியதை வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொன்னேன். ஒரு பக்கக் கடிதம், பிழையில்லாத இங்கிலீஷ். நடுவில் ஒரு வரி: "ஐ டெலிபரேட்லி டிட் நாட் இன்ஃபார்ம் த மேனேஜர்."

படித்ததும் எனக்கு வயிற்றைக் கலக்கியது. "தெரிந்தேதான் மேனேஜரிடம் சொல்லாமல் மறைத்தேன்" என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறான்.

"நீ என்னப்பா சொல்ல நினைச்ச? தமிழ்ல சொல்லு" என்றேன். "வேணும்னே சொல்லாம விடல டீச்சர்" என்றான்.

அந்தத் தமிழ் வாக்கியத்தைக் கொஞ்சம் பாருங்கள். அதில் இரண்டு மறுப்பு இருக்கிறது. 'சொல்லாம' ஒன்று, 'விடல' இன்னொன்று. இரண்டும் சேர்ந்துதான் அவன் மனதில் இருந்ததைச் சொல்கின்றன. சொல்லாமல் இருந்தது உண்மை. ஆனால் அது திட்டம் போட்டுச் செய்ததில்லை. இங்கிலீஷில் எழுதும்போது இரண்டில் ஒன்றை வெட்டிவிட்டான். ஏன் வெட்டினாய் என்று கேட்டேன். அவன் சொன்ன பதிலில்தான் அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் போனது.

"நீங்கதானே டீச்சர் சொன்னீங்க, ஒரு சென்டன்ஸ்ல ரெண்டு நெகட்டிவ் வந்தா தப்புன்னு."

சொன்னேன். முப்பத்து மூன்று வருடம், ஒவ்வொரு செட்டுக்கும் சொன்னேன். "ஐ டோன்ட் நோ நத்திங்" என்று எழுதாதே, "ஐ டோன்ட் நோ எனிதிங்" என்று எழுது. அந்த அளவில் அது சரிதான். பரீட்சைத் தாளிலும் வேலைக்கு எழுதும் கடிதத்திலும் எதிர்பார்க்கிற இங்கிலீஷ் அதுதான். ஆனால் நான் அதைப் பெரிய சட்டமாக, விலக்கே இல்லாத மாதிரி, பலகையில் கட்டம் போட்டு எழுதிவைத்தேன். இரண்டு மறுப்பும் வேண்டியிருக்கிற வாக்கியம் என்று ஒன்று உண்டு, அதை எப்படி எழுதுவது என்று ஒருநாள்கூடச் சொல்லித்தரவில்லை. "ஐ டிட் நாட் டெலிபரேட்லி கீப் இட் ஃப்ரம் யூ" என்று எழுதியிருந்தால் அவன் பிழைத்தான். டெலிபரேட்லி என்ற அதே சொல்தான். நாட்டுக்கு இந்தப் பக்கம் நின்றால் குற்றம், அந்தப் பக்கம் நின்றால் விளக்கம்.

இதில் இன்னொரு கொடுமை. அவன் எழுதிய வாக்கியத்தில் இலக்கணப் பிழை ஒன்றுமே இல்லை. கம்ப்யூட்டரில் சிவப்புக் கோடு விழாது. அதே வாக்கியத்தைப் பரீட்சையில் எழுதியிருந்தால் நானே முழு மார்க் போட்டிருப்பேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். இங்கிலீஷில் நாட் என்பது தனக்கு வலது பக்கம் இருப்பதைத்தான் பெரும்பாலும் மறுக்கிறது. அட்வெர்ப் நாட்டுக்கு இடப்பக்கம் நின்றால் மறுப்புக்கு வெளியே நிற்கிறது. அந்த மறுப்பையே அது வர்ணிக்கிறது, அழுத்தம் கொடுக்கிறது. வலப்பக்கம் போனால் மறுப்புக்குள்ளே மாட்டிக்கொள்கிறது. அப்போது மறுக்கப்படுவது பல சமயம் அந்த அட்வெர்ப் மட்டும்தான், மற்றது தப்பித்துவிடுகிறது.

"ஐ ரியலி டோன்ட் லைக் இட்" என்றால் சுத்தமாகப் பிடிக்கவில்லை. "ஐ டோன்ட் ரியலி லைக் இட்" என்றால் அவ்வளவாகப் பிடிக்கவில்லை. ஒருவர் வீட்டுக்குச் சாப்பிடப் போன இடத்தில் முதலாவதைச் சொன்னால் அடுத்த தடவை கூப்பிட மாட்டார்கள்.

என் வகுப்பில் இருந்தவர்களுக்கு ஒன்று ஞாபகம் இருக்கலாம். ஒருமுறை மேலிடத்திலிருந்து பார்வையிட வந்தவரிடம் புது ஆசிரியர் ஒருவர் தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டார். நான் கிராமர் மட்டும் நடத்துவதில்லை, அதற்கு மேலும் செய்கிறேன் என்று சொல்ல நினைத்தவர், "ஐ ஜஸ்ட் டோன்ட் டீச் கிராமர்" என்றுவிட்டார். நான் கிராமரே நடத்துவதில்லை என்று ஆகிவிட்டது. வந்தவர் சிரித்துக்கொண்டே, "அது பிள்ளைகளைப் பார்த்தாலே தெரிகிறது" என்று சொல்லிவிட்டுப் போனார். "ஐ டோன்ட் ஜஸ்ட் டீச் கிராமர்" என்றிருக்க வேண்டும். அப்போது நானும் சேர்ந்து சிரித்தேன். அதை ஒரு பாடமாக்கி மறுநாள் வகுப்பில் நடத்தியிருக்கலாம். தோன்றவில்லை.

நம் பிள்ளைகள் இதில் மட்டும் ஏன் இப்படித் தடுமாறுகிறார்கள் என்று ஒரு மாதமாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். எனக்குத் தோன்றுவது இது. தமிழில் மறுப்பு வாக்கியத்தின் கடைசியில் வருகிறது. பிடிக்கவில்லை, தெரியாது, வரமாட்டான். அடைமொழி எதுவானாலும் அதற்கு முன்னால்தான் நிற்கும், வேறு இடமில்லை. அதனால் நாம் இடத்தை மாற்றுவதில்லை, சொல்லையே மாற்றுகிறோம். சுத்தமாப் பிடிக்கல, அவ்வளவாப் பிடிக்கல. சத்தியமாத் தெரியாது, சரியாத் தெரியாது. எதுவும் புரியல, முழுசாப் புரியல. வலுவான மறுப்புக்கு ஒரு சொல், இளகிய மறுப்புக்கு ஒரு சொல் என்று தனித்தனியாக வைத்திருக்கிறோம். இங்கிலீஷ்காரன் ரியலி என்ற ஒரே சொல்லை வைத்து நாட்டுக்கு முன்னும் பின்னும் தள்ளி இரண்டு வேலையும் வாங்கிக்கொள்கிறான். நாம் அவன் சொல்லை எடுத்துக்கொண்டு நம் வழக்கப்படி எங்கேயாவது வைத்துவிடுகிறோம்.

தமிழில் குழப்பமே இல்லை என்று சொல்ல வரவில்லை. 'வேண்டுமென்றே சொல்லவில்லை' என்பதையே எடுத்துக்கொள்ளுங்கள். தெரிந்தே மறைத்தேன் என்றும் எடுக்கலாம். சொன்னேன், ஆனால் உன்னைப் புண்படுத்த வேண்டும் என்று சொல்லவில்லை என்றும் எடுக்கலாம். 'நிச்சயமாத் தெரியாது' என்பதும் அப்படித்தான். வாயால் சொல்லும்போது எந்தச் சொல்லை இழுக்கிறோம், எங்கே நிறுத்துகிறோம் என்பது காப்பாற்றிவிடும். எதிரில் இருப்பவர் முகத்தைப் பார்த்து, "இல்ல இல்ல, நான் அப்படிச் சொல்லல" என்று திருத்தவும் முடியும். மெமோவுக்கு எழுதிய பதிலில் முகம் கிடையாது.

'வெளுத்ததெல்லாம் பாலல்ல' என்கிறோம். சொல்லுக்குச் சொல் பார்த்தால் வெள்ளையாக இருக்கும் எதுவுமே பால் இல்லை என்றல்லவா ஆகிறது? பாலே பால் இல்லையா? ஆனால் ஒருவரும் அப்படி எடுப்பதில்லை. பழகின வாக்கியம், பிறந்ததிலிருந்து கேட்ட காது. இங்கிலீஷில் அந்தக் காது நமக்குக் கிடையாது. அதற்கு ஈடாகத்தான் பள்ளிக்கூடத்தில் கிராமர் வைத்தார்கள். அந்தக் கிராமரில் இதற்கு இடம் எங்கே?

இதைப் பெரியவர்கள் எழுதாமல் இல்லை. டென்மார்க்கின் ஓட்டோ யெஸ்பர்சன் எதிர்மறைக்கென்றே 1917-ல் தனியாக ஒரு புத்தகம் போட்டார். ராண்டால்ஃப் குவர்க்கும் கூட்டாளிகளும் 1985-ல் கொண்டுவந்த தலையணை மாதிரியான இலக்கண நூலில் மறுப்பின் எல்லை எதுவரை போகிறது என்று விளக்கமாகவே இருக்கிறது. யெஸ்பர்சன் சொன்ன ஒரு கதை எனக்கு ரொம்பப் பிடிக்கும். முன்னொரு காலத்தில் இங்கிலீஷில் வினைக்கு முன்னால் நின்று மறுத்தது 'நே' என்ற சின்னச் சொல். அது பலவீனமாகப் போக, 'ஒன்றுமே' என்று பொருள்படும் ஒரு சொல் துணைக்கு வந்தது. நாளாவட்டத்தில் நே காணாமல் போய், துணைக்கு வந்ததே தேய்ந்து நாட் என்று ஆனது. நாம் 'நான் ஒன்றும் சொல்லவில்லையே' என்கிறோமே, அந்த 'ஒன்றும்' மாதிரி. மறுப்புக்குத் துணைச்சொல் தேடுவது எல்லா ஊர்க்காரனுக்கும் உள்ள பழக்கம் போல.

நாங்கள் நடத்தியது என்ன? அஃபர்மேட்டிவை நெகட்டிவ் ஆக்கு. டூவை எடுத்துவிட்டு ஸோ தட் நாட் போடு. நோ சூனர் போட்டால் பின்னால் தேன் போடு. ஒரு மார்க், இரண்டு மார்க். நோ சூனர் வைத்து ஒரு ஈமெயிலாவது எழுதியவர்கள் உங்களில் யாராவது இருந்தால் கையைத் தூக்குங்கள். அதே நேரம், 'இன்னும் வரவில்லை' என்று ஈமெயில் எழுதாதவர் ஒருவரும் இருக்க மாட்டீர்கள். "ஐ ஹேவ் நாட் ரிசீவ்ட் இட் யெட்" என்றால் சாதாரணத் தகவல். "ஐ ஸ்டில் ஹேவ் நாட் ரிசீவ்ட் இட்" என்றால் அதில் சலிப்பு வந்துவிடும், இவ்வளவு நாளாக என்ன செய்கிறீர்கள் என்ற கேள்வி ஒளிந்திருக்கும். மேலதிகாரிக்கு எழுதும்போது எது வேண்டும் என்று தெரிந்து எழுத வேண்டாமா? இதை நான் நடத்தவில்லை. பரீட்சையில் வராது என்பதுதான் காரணம், வேறு நியாயம் ஒன்றும் கிடையாது.

அடிக்கடி பார்ப்பது இன்னொன்று. நிச்சயமாக வரமாட்டேன் என்று சொல்ல, "ஐ வில் நாட் டெஃபினிட்லி கம்" என்று எழுதுகிறீர்கள். படிப்பவருக்கு அது வந்தாலும் வரலாம் என்று படும். நாற்காலி போட்டு வைத்திருப்பார். "ஐ டெஃபினிட்லி வில் நாட் கம்" என்று டெஃபினிட்லியை முன்னால் கொண்டுவாருங்கள். கொஞ்சம் மரியாதையாக வேண்டுமானால் "ஐ ப்ராபப்ளி வோன்ட்" என்று சொல்லி நழுவிக்கொள்ளலாம். ஹார்ட்லி பற்றி இன்றைக்கு ஆரம்பித்தால் விடிந்துவிடும். "ஹி ஹார்ட்லி வொர்க்ட்" என்று யாருக்கும் சிபாரிசுக் கடிதம் எழுதிவிடாதீர்கள், அவன் வேலையே பார்க்கவில்லை என்று அர்த்தம். அதோடு நிறுத்துகிறேன்.

என்னோடு வேலை பார்த்த ஆசிரியர் ஒருவரிடம் இதையெல்லாம் சொல்லிப் புலம்பினேன். "நீங்க ரொம்பப் பெருசு பண்றீங்க மேடம். அட்வெர்ப் எல்லாம் ஊறுகாய் மாதிரி. இல்லாமலும் சாப்பிடலாம். முன்பின் வாக்கியத்தைப் பார்த்தாலே அர்த்தம் புரிஞ்சிரும்" என்றார். பாதி ஒத்துக்கொள்கிறேன். வெரி, ரியலி என்று வரிக்கு வரி தூவுவதை நானே அடித்திருக்கிறேன், உங்கள் நோட்டுகளில் சிவப்பு மையைப் பார்த்திருப்பீர்கள். நாட் அன்னெசஸரி, நாட் அன்லைக்லி என்று சுற்றி வளைத்து எழுதுவதை ஜார்ஜ் ஆர்வெல் 1946-லேயே கட்டுரை எழுதிக் கிண்டல் செய்தார், அதுவும் நியாயம்தான். ஆனால் மறுப்போடு சேர்ந்து வரும் அட்வெர்ப் ஊறுகாய் இல்லை. அதை எடுத்துவிட்டால் சாப்பாடே வேறு சாப்பாடாகிவிடுகிறது. இதை நான் புத்தகத்திலிருந்து சொல்லவில்லை.

அடுத்து எழுதப்போவதை எங்கள் வீட்டில் சிலருக்குத் தெரியும், முழுசாகத் தெரியாது. பெரியக்காவிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். "எழுதுடி, என்னத்த மறைக்க?" என்றாள்.

2009 வைகாசியில் அக்காவுக்கு மார்பில் ஒரு கட்டி தட்டுப்பட்டது. டாக்டர் வேறு மாநிலத்துக்காரர், தமிழ் அவ்வளவாக வராது. "நீ வா, உனக்குத்தான் இங்கிலீஷ் தெரியும்" என்று என்னைக் கூட்டிக்கொண்டு போனாள். ஸ்கேன் படத்தைப் பார்த்துவிட்டு அவர் நிதானமாகச் சொன்னார்: "இட் இஸ் நாட் நெசஸரிலி சீரியஸ்." சதை எடுத்து டெஸ்ட் பண்ணிவிடுங்கள், இந்த வாரமே பண்ணுங்கள் என்றும் சொன்னார்.

வெளியே வந்ததும் அத்தான் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள். நான் சொன்னேன், "சீரியஸ் இல்லையாம்க்கா. ஒரு டெஸ்ட் மட்டும் எடுக்கணுமாம்."

நெசஸரிலியை விழுங்கிவிட்டேன். எம்.ஏ. ஆங்கில இலக்கியம் படித்தவள் நான். அர்த்தம் தெரியாமலா இருந்தது? 'சீரியஸாத்தான் இருக்கணும்னு இல்லை' என்று தமிழில் அதை அழகாகச் சொல்லியிருக்கலாம். இருந்தாலும் இருக்கலாம் என்ற பாதியும் அதில் சேர்ந்து வந்திருக்கும். அக்கா முகத்தைப் பார்த்தபோது அந்தப் பாதியைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எனக்கே அது வேண்டாமாக இருந்தது.

அந்த ஆவணியில் அக்கா மகளுக்குக் கல்யாணம். சீரியஸ் இல்லைதானே, கல்யாணம் முடியட்டும் என்று அக்கா தள்ளிப்போட்டாள். பிறகு மறுவீடு, புரட்டாசி. ஐப்பசியில்தான் டெஸ்ட் எடுத்தோம். ஆபரேஷன், கீமோ, ரேடியேஷன் எல்லாம் ஆயிற்று. அக்கா நன்றாக இருக்கிறாள், போன பொங்கலுக்கும் எனக்குப் பனங்கிழங்கு கொடுத்து அனுப்பினாள். வைகாசியிலேயே போயிருந்தால் இவ்வளவு படாமல் முடிந்திருக்குமா என்று இரண்டாவது டாக்டரிடம் கேட்டேன். "முன்னாடியே வந்திருக்கலாம்" என்று மட்டும் சொன்னார். அத்தான் இன்றுவரை என்னிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை. அத்தான், நீங்கள் இதைப் படிப்பீர்கள் என்று தெரியும். அன்றைக்கு அவர் 'சீரியஸ் இல்லை' என்று சொல்லவில்லை.

அதனால்தான் அட்வெர்ப் எல்லாம் ஊறுகாய் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வருகிறது.

உங்களில் முப்பது பேருக்கு மேல் இப்போது ஆசிரியர்கள். நர்ஸ்கள், லேப் டெக்னீஷியன்கள், பேங்க்கில் இருப்பவர்கள் என்று பலர் இருக்கிறீர்கள். ஆசிரியர்களிடம் ஒன்று கேட்கிறேன். நோ சூனருக்கு ஒதுக்கும் பீரியடில் ஒன்றை இதற்குக் கொடுங்கள். ஒரு வாக்கியத்தைப் பலகையில் எழுதி, அட்வெர்ப்பை நாட்டுக்கு முன்னால் ஒரு தடவை, பின்னால் ஒரு தடவை வைத்து, இரண்டையும் தமிழில் சொல்லச் சொல்லுங்கள். இங்கிலீஷில் இல்லை, தமிழில். வித்தியாசம் தெரிந்துவிட்டதா என்று அப்போதுதான் உங்களுக்கும் தெரியும், பிள்ளைக்கும் தெரியும். டபுள் நெகட்டிவ் தப்பு என்று நடத்தும்போது, எது தப்பு, எது தப்பில்லை என்று இரண்டையும் சேர்த்தே நடத்துங்கள். என்னை மாதிரி கட்டம் போட்டுவிட்டுப் போய்விடாதீர்கள். ஆஸ்பத்திரியில் இருப்பவர்கள், நோயாளியின் ஆட்களுக்கு இங்கிலீஷை மாற்றிச் சொல்லும்போது நாட்டை மட்டும் எடுத்துச் சொல்லாமல் பக்கத்தில் இருக்கும் சொல்லையும் சேர்த்துச் சொல்லுங்கள். கசப்பாக இருந்தாலும்.

நம் கிடங்குப் பையன் கதையை முடிக்காமல் விட்டால் கமெண்டில் கேட்பீர்கள். அன்று ராத்திரியே இரண்டு பேரும் போனில் உட்கார்ந்து இரண்டாவது கடிதம் எழுதினோம். முதல் கடிதத்தில் தான் சொல்ல வந்தது என்ன, எழுதியது என்ன என்று ஒளிக்காமல் எழுதச் சொன்னேன். எந்தத் தேதியில் எண்ணினான், மறுபடி எப்போது எண்ணினான், கூட யார் இருந்தார்கள் என்பதையும் சேர்த்தோம். "டெலிபரேட்லியை எங்க வைக்கட்டும் டீச்சர்?" என்று கேட்டான். அந்தச் சொல்லையே எடுத்துவிடு என்றேன். "மை டிலே வாஸ் நாட் இன்டென்ஷனல்" என்று எழுதினான். போன செவ்வாய்க்கிழமை பதில் வந்தது. வேலை தப்பியது. எச்சரிக்கைக் கடிதம் ஒன்று, ஆறு மாதத்துக்கு இன்க்ரிமென்ட் கிடையாது. இரண்டு நாள் தாமதம் அவன் தப்புதான், அதற்கு இது சரி என்றே நினைக்கிறேன். நாற்பது பெட்டியில் முப்பத்தெட்டு வேறொரு அடுக்கில் கிடைத்துவிட்டது.

வருகிற வெள்ளிக்கிழமை அக்காவுக்கு வருடாந்திர செக்கப். நான்தான் கூடப் போகிறேன். டாக்டர் சொல்வதை ஒரு நோட்டில் அப்படியே எழுதிக்கொண்டு வருவதாக அத்தானிடம் சொல்லியிருக்கிறேன்.

அன்புடன்,
உங்கள் இங்கிலீஷ் டீச்சர்